தோட்டப்புற உளவு நாவல்: முதன்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தைக் களமாக வைத்து உளவு நாவல் எழுதத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். காடு வந்துவிடும், துப்பாக்கி வந்துவிடும், வெள்ளைக்காரத் துரையும் வந்துவிடுவார். ஆனால் கதை நாயகன் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறான், எது நடந்தால் அந்தப் பக்கம் சாய்வான் என்பதற்கு எழுதுகிறவரிடமே விடை இருக்காது. இன்றைய உளவுப் புனைவில் எதிரி யார் என்பது பாதிக் கேள்விதான். யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள், எந்தக் கடமையை முறித்தால் எந்த வீட்டில் அடி விழும் என்பதுதான் கதையை இழுத்துச் செல்கிறது. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு எழுதுவது எப்படி என்று இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

1. காலத்தைச் சுருக்குங்கள்

காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்ட் படைக்கு எதிராக மலாயாவில் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீண்ட அவசரகாலம் முழுவதையும் ஒரே நாவலில் அடக்க முயல வேண்டாம். அதிகபட்சம் 18 மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சட்டமும் அதிகாரியும் கட்சிக் கொள்கையும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை விளக்குவதிலேயே பக்கங்கள் தீர்ந்துவிடும்.

முதல் நாவலுக்கு 1951 ஜனவரி முதல் 1952 நடுப்பகுதி வரையிலான காலம் வசதியானது. காட்டுப் படைக்கு உணவும் உதவியும் போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டப்படி மக்களைக் கம்பி வேலிக்குள் குடியமர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்ட லயங்களைச் சுற்றியும் வேலி எழுந்தது. 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி ஃப்ரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1952 பிப்ரவரியில் அவருடைய இடத்துக்கு டெம்ப்ளர் வந்தார். கொரியப் போரால் ஏறியிருந்த ரப்பர் விலை இறங்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். மேலிருந்து அழுத்தம், காட்டிலிருந்து அழுத்தம், வயிற்றில் அழுத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன.

உங்கள் மனம் ஜப்பானியர் காலத்தில் இருந்தால் 1943 ஜூலைக்கும் 1945 ஆகஸ்ட்டுக்கும் இடையில் 18 மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த அதே ஜப்பானியர் ஆதரவில்தான் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் இயங்கியது. தண்டவாள வேலைக்குப் பயந்து படையில் சேர்ந்தவனும், சுதந்திர வேட்கையில் சேர்ந்தவனும் ஒரே வரிசையில் நிற்கும்போது உளவுக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

2. விசுவாசப் பேரேடு ஒன்று போடுங்கள்

கதைச்சுருக்கத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒரு பெரிய தாளில் ஐந்து பத்திகள் கோடிடுங்கள்: யாருக்கு விசுவாசம், அது எப்படி உண்டானது, அதனால் என்ன கிடைக்கிறது, முறித்தால் தண்டனை யாருக்கு, அதை நிரூபிக்கும் தாள் எது. முக்கியப் பாத்திரம் ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு வரிசை நிரம்ப வேண்டும். இரண்டு வரிசையோடு நின்றால் அந்த ஆள் இன்னும் கதைக்குத் தயாராகவில்லை.

தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் உளவுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு அவர் கையில். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், யார் வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆங்கிலக் கடிதத்தையும் படிப்பார், தமிழ்த் துண்டுச் சீட்டையும் படிப்பார். தொலைபேசி அவர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். அவருக்கான பேரேடு இப்படி அமையலாம்:

முதல் வரிசையில் துரை. வேலையும் குவார்ட்டர்சும் தந்தவர். முறித்தால் 24 மணி நேரத்தில் குடும்பம் தெருவில். தாள்: நியமனக் கடிதம்.

இரண்டாவது வரிசையில் தம்பி. 1948க்கு முன் தொழிற்சங்கத்தில் இருந்தவன், இப்போது எங்கே என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. முறித்தால் தம்பிக்குத் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது கிராணிக்குத் தெரியும். தாள்: பழைய சங்க உறுப்பினர் அட்டை.

மூன்றாவது வரிசையில் பழைய படைத் தோழர்கள். 1944இல் இந்திய தேசிய இராணுவத்தில் ஒன்றாக அணிவகுத்தவர்கள். அவர்களில் ஒருவர் இன்று போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சில், ஒருவர் காட்டில். தாள்: ஒரு புகைப்படம்.

நான்காவது வரிசையில் அவருடைய சாதியும் ஊரும். தோட்ட அலுவலகங்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைய இருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிக் குடும்பங்கள். கிராணி எந்தக் கிளை என்று நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால், லயத்தில் யார் அவரிடம் உண்மை பேசுவார்கள் என்பதே தெரியாது. பலர் இதை எழுதத் தயங்கித் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள்.

பேரேடு நிரம்பியதும் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வரிசைகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும், இரண்டுமே நியாயமாகவும் இருக்க வேண்டும். தம்பியைக் காப்பாற்றுவதும் நியாயம், லயத்தில் இருக்கும் நாற்பது குடும்பங்களைக் காப்பாற்றுவதும் நியாயம். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் பணத்தாசை என்று வைத்தால் அது துரோகக் கதை, அவ்வளவுதான். வாசகர் பத்தாம் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்.

3. குடியுரிமைக் கேள்வியை விடாதீர்கள்

நம் களத்துக்கே உரிய பெரிய முரண் இது. வேறு எந்த நாட்டு உளவு நாவலிலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1951இல் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர் எந்த அரசுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? 1948 மலாயாக் கூட்டரசின் குடியுரிமை விதிகள் கடுமையானவை. 1952இல்தான் ஓரளவு தளர்ந்தன. இந்தியா 1950இல் குடியரசாகிவிட்டது. லயத்தில் பிறந்த பிள்ளை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் சந்தேகத்தில் பிடிபட்டால் நாடு கடத்தப்படும் இடம் இந்தியா. விசாரணை அறையில் அதிகாரி அடிக்கத் தேவையில்லை. கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்றைக் குறித்து வையுங்கள்: பிறந்த இடம், கையில் இருக்கும் அடையாள அட்டை, எங்கே அனுப்பப்படுவோம் என்ற பயம். 1948இல் தொடங்கிய தேசியப் பதிவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை தரப்பட்டது. காட்டில் இருந்தவர்கள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவரை போலீஸ் சந்தேகித்தது, அட்டையைக் கொடுக்க மறுத்தவரைக் காட்டார் சந்தேகித்தார்கள். ஒரே ஒரு அட்டையை வைத்து மூன்று அத்தியாயம் எழுதலாம்.

4. ஆவணம் தேடும் வரிசை

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இரண்டும் அங்கே உண்டு. தமிழ் இதழுக்குச் சொல் தேடலை நம்பி உட்கார வேண்டாம். தேதி வைத்து நாள்வாரியாகப் புரட்டுங்கள். உங்கள் 18 மாதத்துக்கு வாரம் ஓர் இதழ் என்றால் ஏறக்குறைய 78 இதழ்கள். ஒரு மாலைக்கு மூன்று என்று வைத்தால் 26 மாலைகளில் முடியும். நாள்கூலி, அரிசி விலை, சினிமா விளம்பரம், ஊரடங்கு அறிவிப்பு ஆகிய நான்கை மட்டும் குறித்தால் போதும். தலையங்கங்களில் மூழ்கினால் ஆறு மாதம் போய்விடும்.

அடுத்து கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அதாவது அர்கிப் நெகாரா. அந்தச் சாலையைப் பழைய ஆட்கள் ஜாலான் டூத்தா என்பார்கள். வீட்டிலிருந்தே இணையப் பட்டியலில் கோப்பு எண்களை எடுத்துக்கொண்டு போங்கள். எண் இல்லாமல் போனால் முதல் நாள் பட்டியல் பார்ப்பதிலேயே கரையும். மைக்காட் அடையாள அட்டை கொண்டுபோங்கள், பென்சிலும் கொண்டுபோங்கள். படியெடுப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்களுக்கு இ.டி.எஸ். ரயில் வசதி, பயணம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பினால் படிக்கக் கிடைப்பது சில மணி நேரமே. ஓர் இரவு தங்கி இரண்டு நாள் படிப்பதுதான் காசுக்கு ஏற்றது.

லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு முதல் நாவலுக்காகப் போக வேண்டிய அவசியமில்லை. ஆனால் பட்டியலை இணையத்தில் பாருங்கள். சி.ஓ. 1022 வரிசை 1950 முதல் 1956 வரையிலான தென்கிழக்காசியக் கோப்புகள். எஃப்.சி.ஓ. 141 வரிசை குடியேற்ற நாடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனவை. அங்கே இருக்கும் உறவினரோ மாணவரோ வாசகர் அட்டை எடுத்துச் சொந்தக் கேமராவில் இலவசமாகப் படம் பிடிக்கலாம். காப்பகத்தையே படியெடுக்கச் சொன்னால் பணம் கட்ட வேண்டும்.

ஒரு பொறி: பிரிட்டிஷ் கோப்பில் எழுதியிருப்பது பிரிட்டிஷ் அதிகாரி நம்பியது. தோட்டத் தமிழரைப் பற்றி அவற்றில் மிகக் குறைவாகவே வரும், வந்தாலும் கூலிகள் என்ற மொத்தப் பெயரில் வரும். அதை வைத்துத் தமிழர் யாரும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

5. பெரியவர்களிடம் கேட்பது

1952இல் 12 வயதாக இருந்தவர் 1940இல் பிறந்தவர். இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். ஆவணம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும், இவர்கள் இருப்பார்களா தெரியாது. ஆகவே மேலே உள்ள படியையும் இதையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

தாத்தா என்றோ பாட்டி என்றோ கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வி அரசியலாக இருக்கக் கூடாது. "பாட்டி, அப்போ அரிசி எப்படிப் பங்கு வெச்சாங்க?" என்று தொடங்குங்கள். அரிசியிலிருந்து வேலிக் கதவுக்கு வருவார்கள், கதவிலிருந்து சோதனைக்கு, சோதனையிலிருந்து யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதற்குத் தானாக வருவார்கள். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். பதிவு செய்வதற்கு முன் அவரிடமும் வீட்டாரிடமும் சம்மதம் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டிக்கொடுத்தவரின் பேரப்பிள்ளையும், காட்டிக்கொடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளையும் இன்று அதே பட்டணத்தில் ஒரே கோயில் நிர்வாகத்தில் இருக்கலாம். உண்மைப் பெயரைக் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள். எண் போட்டு வையுங்கள். நாவலில் பெயரை மட்டும் மாற்றினால் பத்தாது. தொழில், வீட்டு வரிசை, பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் மாற்றுங்கள். சின்ன ஊரில் பெயரைவிட இவைதான் ஆளைக் காட்டும்.

6. தோட்டத்தின் கடிகாரத்துக்குள் உளவை வையுங்கள்

விடியுமுன் பெரட்டு. வெளிச்சம் வரும் நேரத்தில் வெட்டு. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். பத்து, பதினொரு மணி வாக்கில் மரத்திலுள்ள மங்குக் கிண்ணங்களிலிருந்து பால் எடுத்து, வாளியில் சுமந்து போய் நிறுத்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கு ஒதுக்கும் நிரையில் முந்நூறு மரம், சில தோட்டங்களில் அதற்கும் மேல். இதில் ஆள் தனியாக இருப்பது வெட்டு முடிந்து பால் எடுக்கும் வரையிலான இடைவெளியில்தான். சந்திப்பை அங்கே வையுங்கள். இரவு 12 மணிக்குக் காட்டோரம் சந்தித்தார்கள் என்று எழுதினால், ஊரடங்கில் வேலிக் கதவை யார் திறந்தது என்று விவரம் தெரிந்த வாசகர் கேட்பார்.

மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை, சந்திப்பும் இல்லை. திட்டம் பிசக இதைவிட இயல்பான காரணம் வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்க்கும். மறைவு போய்விடும், காய்ந்த சருகு ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போடும். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெயிலில் ரப்பர்க் காய்கள் டப்பென்று வெடிக்கும். புதிதாக வந்த சிப்பாய் அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைப்பதற்கு இடமுண்டு.

இன்று பல தோட்டங்கள் செம்பனையாக, அதாவது எண்ணெய்ப் பனையாக, மாறிவிட்டன. செம்பனைக்குள் நடந்துவிட்டு ரப்பர்க் காட்டை எழுத முடியாது. பார்வைத் தூரமே வேறு. சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள லிந்தாங் பக்கமோ வேறு எங்கேயோ சிறு ரப்பர்த் துண்டு ஒன்றைத் தேடி, உரிமையாளர் அனுமதியோடு காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். எத்தனை மரம் தள்ளி ஒரு முகத்தை அடையாளம் காண முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவுதான் இந்தப் போரின் மையம். வேலிக் கதவில் பால் வாளியும் சைக்கிள் குழாயும் சோதிக்கப்பட்டன. கடையில் விற்கும் தகர டப்பாக்களைத் துளை போட்டே கொடுத்தார்கள், காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் வைத்துத் தின்ன முடியாதபடி. அரிசி கடத்தும் பெண் உங்கள் கதையில் வந்தால் எவ்வளவு, எதில், எந்தக் கதவு, யார் காவல் என்று நான்கையும் எழுதி வைத்துவிட்டுத்தான் காட்சியைத் தொடங்க வேண்டும். அன்றைய எடை அளவின் பெயர் கட்டி. கிலோ வரக் கூடாது.

7. ஆள் பிடிப்பதிலிருந்து கைவிடுவது வரை

உளவாளியை இயக்குகிறவருக்கும் உளவாளிக்கும் இடையில் நடப்பதுதான் நாவலின் முதுகெலும்பு. அதன் வரிசை: கண்டுபிடித்தல், எடை போடுதல், கொக்கி மாட்டுதல், சிறு வேலை கொடுத்து மாட்டவைத்தல், பெரிய வேலை, சந்தேகம், வெளியேற்றம் அல்லது கைவிடல். புதியவர்கள் நான்காவதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். சிறு வேலைதான் ஆளை மாட்டவைக்கிறது. "நாளைக்கு யார் பெரட்டுக்கு வரலன்னு மட்டும் சொல்லுங்க கிராணி ஐயா." அவர் சொல்லிவிடுகிறார். அடுத்த வாரம் மறுக்க நினைக்கும்போது, சொன்னதே அவருக்கு எதிரான சாட்சி.

காட்டுப் பக்கத்துக்கும் இதே வரிசை உண்டு. அவர்களுடைய செய்தி ஆள் மூலம், சுருட்டிய மெல்லிய சீட்டில் போகும். ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். இதில் ஒரு பொன்னான வாய்ப்பு இருக்கிறது. 1951 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை, பொதுமக்களைப் பாதிக்கும் செயல்களைக் குறைக்கும்படி கட்டளை அனுப்பியது: அடையாள அட்டை பறிப்பது, ரப்பர் மரத்தை வெட்டிச் சிதைப்பது போன்றவை அதில் அடங்கும். கட்டளை எல்லாப் பிரிவுகளையும் சேர நெடுநாள் பிடித்தது. அந்த இடைவெளியில், ஏற்கெனவே ரத்தான ஆணைக்காக ஒருவன் தன் சொந்த அத்தை வெட்டும் நிரையைச் சிதைக்கிறான் என்று வையுங்கள். பிறகு உண்மை தெரிந்தால் அவன் விசுவாசம் என்ன ஆகும்?

இரட்டை உளவாளி வேண்டுமென்றால் வெளிநாட்டு முன்மாதிரியைத் தேட வேண்டாம். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்த லாய் டெக் பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் வேலை செய்தவர். 1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலைப் பக்கம் கூடிய கட்சித் தலைவர்கள் ஜப்பானியரிடம் சிக்கியதற்குப் பின்னால் அவர் இருந்தார். 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடி, அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார். அவரையே பாத்திரமாக்க வேண்டாம். அவருக்குக் கீழே ஐந்தாண்டு நம்பி உழைத்த ஒரு தமிழ்த் தோழரை எடுங்கள். தலைவரே ஒற்றன் என்று தெரிந்த பிறகும் காட்டுக்குள் போனவர் எதை நம்பிப் போனார் என்பது எழுதத் தகுந்த கேள்வி.

அரசுப் பக்கத்துக்கு 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் நடந்ததைப் படியுங்கள். காட்டார் தாக்கிப் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டதும் டெம்ப்ளர் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கைக் குறைத்தார். பின்னர் வீடுதோறும் தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயரில்லாமல் எழுதச் சொல்லி, பூட்டிய பெட்டியில் வாங்கிக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். வெற்றுத்தாளைப் போடுவதும் ஒரு பதில். எழுதத் தெரியாத அம்மாவுக்காக யார் எழுதினார்கள்? இந்த ஏற்பாட்டைக் கற்பனைத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினால், துப்பாக்கியே இல்லாமல் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

8. எழுத்து, அச்சு, செலவு

முதல் நாவலுக்கு 45,000 சொல் போதும். நாளுக்கு 400 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் 23 வாரம். பால் வெட்டுக்குப் போகிறவரோ ஷிப்ட் வேலைக்காரரோ இதைக் காப்பாற்ற முடியும். நாளுக்கு 1,500 என்று தொடங்குகிறவர்தான் மூன்றாம் வாரத்தில் விடுகிறார். பக்கத்துக்கு 220 சொல் என்று கணக்கிட்டால் 205 பக்கம் வரும். அச்சில் 16 பக்கமாகக் கட்டுவார்கள், ஆகவே 208 பக்கத்துக்குள் முடியுங்கள். 209ஆம் பக்கம் போனால் இன்னொரு 16க்குக் காசு.

அச்சகத்திடம் 300 படி, 500 படி இரண்டுக்கும் எழுத்தில் விலை வாங்குங்கள். பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியம், மெய்ப்புத் திருத்தம் ஆகியவை அதில் சேர்ந்தவையா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மெய்ப்புக்குப் பணம் ஒதுக்காதவர்கள் ஒற்றுப் பிழையோடு 500 படியையும் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டையில் கட்சிச் சின்னமோ சிவப்பு நட்சத்திரமோ வேண்டாம். கதைக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை, கடைக்காரருக்குத் தயக்கம்தான் மிஞ்சும்.

சட்டப் பக்கம்: நூலுக்கு முன்அனுமதி தேவையில்லை, இதழ்களுக்குத்தான் பெர்மிட். ஆனால் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இருந்தாக வேண்டும். அதே சட்டத்தில் உள்துறை அமைச்சுக்கு நூலைத் தடை செய்யும் அதிகாரமும் உண்டு. 1948 தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. பாத்திரங்கள் தங்கள் நம்பிக்கையை முழு வேகத்தோடு பேசட்டும். முன்னுரையில் நீங்கள் பிரசங்கம் செய்யாதீர்கள். 1972 அரசாங்க இரகசியச் சட்டத்தை நினைவில் வைத்து, பொதுவுக்குத் திறந்துவிட்ட கோப்புகளை மட்டும் பயன்படுத்துங்கள். யாரோ வாட்சாப்பில் அனுப்பும் பழைய போலீஸ் அறிக்கையைத் தொட வேண்டாம்.

ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகமான பெர்புஸ்தாகாஆன் நெகாராவில் இலவசமாகப் பெறலாம். அச்சுக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். தலைப்பும் பக்க எண்ணிக்கையும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். இடைத்தரகர் எண் வாங்கித் தர ஒரு தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஐந்தையும் அச்சுக் கணக்கிலேயே ஒதுக்கி வையுங்கள். வெளியீட்டு விழாவில் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, கொடுத்த படியைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாக அலையும் நிலை வரக் கூடாது.